ரேடியோ சார் வாசித்த வினாத்தாள்

"பதினேழாவது கேள்வி. நீல லிட்மஸ் தாளை அமிலத்தில் நனைத்தால் என்ன நிறமாக மாறும்? அ, பச்சை. ஆ, மஞ்சள். இ..."

இங்கே வந்ததும் வேதியியல் ஆசிரியரின் குரல் இறங்கி, இளகி, "சி...வப்பு" என்று நின்று நிதானமாக ஒலித்தது. 'ஈ, கறுப்பு' என்பதை அவர் போகிற போக்கில் உதறிவிட்டார். எதிரே இருந்த மாணவி 'இ'யைச் சுற்றி வட்டமிட்டாள்.

பள்ளி நூலகத்தின் மூலையில் வியாழக்கிழமைதோறும் நடக்கிற மாதிரித் தேர்வு இது. அந்த மாணவிக்கு அச்செழுத்து என்றால் பெரும்பாடு. ஒரு வரியை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோகும். அதே வரியைக் காதால் ஒருமுறை கேட்டால் போதும், மனதில் பசை போட்டு ஒட்டிக்கொள்ளும். மருத்துவரின் சான்றிதழைப் பார்த்து, இறுதித் தேர்வில் அவளுக்கு வினாத்தாளை வாசித்துக் காட்ட ஓர் ஆளும் கூடுதலாக அரை மணி நேரமும் அனுமதித்திருந்தார்கள். அன்று வாசிக்க வேறு பள்ளியிலிருந்து யாரோ வருவார்கள். அதுவரை பழக்கிவிடும் பொறுப்பைத் தானாகவே வந்து ஏற்றுக்கொண்டவர் நம் வேதியியல் ஆசிரியர். குரல் வளத்துக்காகப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ரேடியோ சார். அவருக்கும் அது தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

"ஐம்பதுக்கு நாப்பத்தெட்டு! பாத்தியாம்மா, நீ எங்கயோ போயிட்ட!" என்று விடைத்தாளை நீட்டினார். அவள் ஆசைப்பட்ட ஆய்வக உதவியாளர் படிப்பில் சேர முப்பது மதிப்பெண் போதும். அவள் தாளை வாங்கி நான்காக மடித்துப் பையில் போட்டாள். சிரிக்கவில்லை. ரேடியோ சார் அதைக் கவனிக்கவில்லை. நல்ல காரியம் செய்துவிட்ட பூரிப்பில் இருப்பவர்களுக்கு எதிரே இருப்பவரின் முகம் சட்டென்று கண்ணில் படாது.

இறுதித் தேர்வின்போது இவரும் வேறொரு பள்ளிக்குப் போய் வாசிக்க வேண்டியிருந்தது. அதற்கான ஒருநாள் பயிற்சிக்கு இவரையும் விளையாட்டு ஆசிரியரையும் தலைமையாசிரியை சனிக்கிழமை அனுப்பி வைத்தார். "வாசிக்கிறதுக்கு எனக்குப் பயிற்சியா? நீச்சல் கத்துக்கோன்னு மீனை அனுப்புறாங்க" என்று ரேடியோ சார் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார். விளையாட்டு ஆசிரியருக்கோ விடுமுறை போன வருத்தம்.

பயிற்சி நடத்த வந்திருந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. படம் காட்டும் கருவி மக்கர் செய்தது. அவள் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, "வாங்க, ஒரு பரீட்சையே வெச்சுப் பாத்துடலாம்" என்றாள். ஒவ்வொருவரும் தன் பாடத்தில் பத்துக் கேள்விகளை, அந்தப் பாடம் தெரியாத ஒருவருக்கு வாசிக்க வேண்டும். கேள்விக்கு நான்கு விடைகள், கேட்பவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரேடியோ சாருக்கு வாய்த்தவர் விளையாட்டு ஆசிரியர். "எனக்கும் கெமிஸ்ட்ரிக்கும் பேச்சுவார்த்தை நின்னு இருபது வருஷம் ஆச்சு சார்" என்று அவர் கையை விரித்தார். ஆனாலும் பேனாவை எடுத்து உட்கார்ந்தார். ரேடியோ சார் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். அறையே அவர் குரலைக் கேட்டது.

திருத்திப் பார்த்தால் பத்துக்குப் பத்து.

"எப்படி சார் இது?" என்று விளையாட்டு ஆசிரியரிடம் கேட்டாள் பயிற்சியாளர்.

"இதென்ன மேடம் பெரிய வித்தை! தப்பான விடை வந்தா சார் வண்டிய நிறுத்தாமப் போறாரு. சரியானது வந்தா பிரேக் போட்டு, என்னைய ஏத்திக்கிட்டுப் போறாரு."

அறை சிரிப்பில் அதிர்ந்தது. ரேடியோ சாரும் கூடவே சிரித்து வைத்தார். காது மடல் மட்டும் சூடாகிவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் பயிற்சியாளர் சொன்னாள்: "பரீட்சை ஹால்ல இது நடந்தா அந்தப் பிள்ளையோட தாளையே ரத்து பண்ணிடுவாங்க சார். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்குத்தான் ஒரு வருஷம் போகும்."

"வேணும்னே செய்யல மேடம். எங்க ஸ்கூல்ல ஒரு பொண்ணு இருக்கா. பாவம், எழுத்தப் படிக்கவே அவ்வளவு கஷ்டப்படுறா. அவளுக்கு வாசிச்சு வாசிச்சு இப்படி ஆயிடுச்சு போல. கொஞ்சம் கை குடுத்தா என்ன தப்பு?"

"அந்தப் பொண்ணுக்கு எழுத்தப் படிக்கிறதுலதானே சார் கஷ்டம்? கெமிஸ்ட்ரியும் வராதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

யாருமே சொல்லவில்லை. ரேடியோ சார் தானாகவே முடிவு கட்டியிருந்தார். வகுப்பில் வரிசையாகக் கேள்வி கேட்டு வரும்போது அவள் முறை வந்தால் தாண்டிப் போய்விடுவது அவர் வழக்கம். எல்லோர் முன்னாலும் அவள் விழிக்கக் கூடாதே என்ற இரக்கம். இரண்டு வருடத்தில் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

அன்று மாலையே வீட்டில் பயிற்சி தொடங்கிவிட்டது. மனைவியை எதிரே உட்கார வைத்து, துணி துவைக்கும் இயந்திரத்தின் விளக்கப் புத்தகத்தை ஏற்ற இறக்கமில்லாமல் வாசிக்க முயன்றார்.

"போதும் நிறுத்துங்க. துணிய ஊற வைக்கிறதுக்கு எதுக்கு இவ்வளவு உருக்கம்?" என்றாள் மனைவி.

பிறகு வேதியியல் கேள்விகளை வாசித்தார். அஞ்சலகத்தில் வேலை பார்க்கும், வேதியியல் அறியாத அவள் முதல் நாள் பத்துக்கு ஒன்பது எடுத்தாள். மறுநாள் ஏழு. பயிற்சியில் சொன்னபடி எல்லா விடைகளையும் ஒரே வேகத்தில், கண்ணைத் தாளை விட்டு எடுக்காமல் அவர் வாசிக்க வாசிக்க, புதன்கிழமை இரண்டுக்கு இறங்கிவிட்டாள். ரேடியோ சார் துள்ளிக் குதித்தார்.

"கட்டின பொண்டாட்டி ஃபெயிலானதுக்கு இப்படி ஆடுற மனுஷன இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் அவள்.

மறுநாள் நூலகத்தில் வினாத்தாளை எடுக்கும் முன் அவர் மாணவியிடம், "அம்மா, இத்தன நாளா என் குரல்லயே உனக்கு விடையக் காட்டிக் குடுத்துட்டு இருந்திருக்கேன்" என்றார்.

"தெரியும் சார்."

"தெரியுமா! ஏம்மா சொல்லல?"

"நீங்க அவ்வளவு ஆசையா வாசிச்சீங்க, எப்படி சொல்றது? உங்க குரல் எறங்குறதக் கவனிக்காம இருக்கப் பாத்தேன், முடியல. எனக்குப் பாடம் தெரியுமா தெரியாதான்னு எனக்கே தெரியல சார். பரீட்சைக்கு வேற யாராவது வந்து வாசிச்சா என்ன பண்ணுவேன்னு நெனச்சா பயமா இருக்கு." அவள் கண் கலங்கிவிட்டது. அவருக்கும்தான்.

அன்றைய தேர்வு நிதானமாக நடந்தது. "ஒன்பதாவது கேள்விய இன்னொரு தடவ வாசிங்க சார்" என்று அவள் கேட்டாள். அவர் வாசித்தார், அவ்வளவுதான். இருபத்திரண்டாவது கேள்வியில் அவள் பேனா தவறான விடையை நோக்கி நகர்ந்தபோது அவர் உதட்டைக் கடித்துத் தன்னை அடக்கிக்கொண்டார். வேதியியல் கற்பித்த பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு கடினமான வேலையை அவர் செய்ததில்லை. கூடுதல் நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் பேனாவை மூடினாள்.

முப்பத்தேழு.

தாளை எப்படி நீட்டுவது என்று அவர் தயங்கினார். அவளே எட்டி வாங்கி, சரிக்குறிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "முப்பத்தேழும் நான் போட்டதா சார்?"

"ஒண்ணு விடாம நீ போட்டதும்மா."

அப்போதுதான் அவள் சிரித்தாள். அவள் சிரித்து அவர் பார்த்தது அதுவே முதல் தடவை.

மகளை அழைத்துப் போக வந்த அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். பேருந்து ஓட்டுநர். சீருடைகூட மாற்றாமல் வந்திருந்தார். ரேடியோ சார் அவரை உள்ளே கூப்பிட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அப்பாவின் முகம் சுருங்கியது.

"போன வாரம் நாப்பத்தெட்டு, இப்ப முப்பத்தேழா? பாவம் சார், ஏற்கெனவே கஷ்டப்படுற பிள்ள. நீங்க பண்ணின உதவிய ஏன் நிறுத்தணும்?"

"அது உதவி இல்லைங்க. உங்க பொண்ணுக்கு வாசிக்கத்தான் ஆள் வேணும், யோசிக்க இல்ல. நான் பாவம் பாவம்னு சொல்லியே அவளால முடியாதுன்னு முடிவு பண்ணிட்டேன். பரிதாபப்படுறதும் ஒருத்தர மட்டம் தட்டுறதுதான்னு இந்த வயசுலதான் எனக்குப் புரிஞ்சுது. தடைய மட்டும் எடுத்து விட்டாப் போதும், மத்தத அவங்களே பாத்துப்பாங்க."

அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். "முப்பத்தேழு கம்மி இல்லையாம்மா?"

"கம்மிதான்ப்பா" என்றாள் அவள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "ஆனா யார் வந்து வாசிச்சாலும் இது குறையாது."