அமாவாசை மடை

சந்தனச்செல்விக்கு மண்ணை நக்கிப் பார்க்கிற பழக்கம் நாலு வருசமாக உண்டு. ஊரில் சிலர் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரித்தவன் எவனும் அவள் வயலில் வந்து ஒரு கூடை ஜிப்சம் தூவிவிட்டுப் போனதில்லை.

தாமிரபரணி கடலில் போய்ச் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால், புன்னைக்காயல் போகிற வழியில் இருக்கிறது அவளுடைய இரண்டு ஏக்கர். ஊர்த் தண்ணியெல்லாம் வடிந்து வந்து நிற்கிற கடைசி வயல். வயலை ஒட்டி வடிகால், வடிகால் முனையில் மூன்று பலகை போட்ட மடை, மடைக்கு அந்தப் பக்கம் காயல், அதைத் தாண்டினால் கடல். பலகை இருந்தால் தண்ணி உள்ளே நிற்கும், எடுத்தால் வெளியே போகும். அவ்வளவுதான் சங்கதி என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது.

நாலு வருசத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகையில் அவள் வயலில் உப்பு ஏறிவிட்டது. பயிர் நுனி கருகி, தை பிறக்கும்போது தரை வெள்ளை பூத்துக் கிடந்தது. உப்பளத்துக்காரன் வேலை என்றார்கள் சிலர், ஆற்றில் மணல் அள்ளினதால் வந்த வினை என்றார்கள் சிலர். அவள் புருசன் லிங்கராஜ் தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிற வேலைக்குப் போய்விட்டான். சனிக்கிழமை சாயந்தரம் வந்தால் திங்கட்கிழமை காலையில் போய்விடுவான்.

செல்வி விடவில்லை. உப்பை முறிக்க ஜிப்சம் போட்டாள். ஆற்றுத் தண்ணியைத் தேக்கித் தேக்கி வடித்தாள். பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற சமயத்தில் மடக்கி உழுதாள். ஒவ்வொரு தடவையும் ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். போன ஆடியில்தான் மண் மண்ணாக ருசித்தது. அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். அவ்வளவு சந்தோசம்.

அதற்குப் பிறகு நட்ட பிசான நெல்லும் அவளை ஏமாற்றவில்லை. தூர் கட்டி, கரும்பச்சையாக நின்றது. அப்போதுதான் நாலு நாள் விடாமல் மழை கொட்டியது. மேட்டு வயல்களில் முழங்கால் தண்ணி. அவள் வயலிலோ பயிரின் நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது. வரப்பு கரைந்து, வயல் எது வடிகால் எது என்றே தெரியவில்லை.

கொழுந்தன், மச்சினன் என்று யாரிடமும் போய்ப் பிரயோசனம் இல்லை. மடை விசயத்தில் லிங்கராஜின் அண்ணன் வன்னியபெருமாள் சொல்லுதான் சொல். அவரிடம் போனாள்.

"பெரியத்தான், பயிரு முங்கிட்டு. மடையத் தொறக்கணும்."

"நாளைக்கு அஷ்டமிளா. அடுத்த நாளு நவமி. அமாவாசைக்கு இன்னும் ஒரு வாரந்தான இருக்கு? எங்கப்பா காலத்துலயிருந்து அன்னைக்குத்தான் மடைக்குத் தேங்கா ஒடைக்குதோம். பயிரு தாங்கும், போ."

அவர் பயிர் தாங்கும். அவருக்கென்ன, மேட்டில் இருக்கிறார்.

மழை மிஞ்சிப்போகிற வருசத்தில் மடை திறக்க ஒரு முறை இருந்தது. அமாவாசை காலையில் பொங்கல் வைத்து, தேங்காய் உடைத்து, பலகைகளை எடுத்து மஞ்சள் தண்ணியில் கழுவி, சுடலைமாடன் பீடத்தில் சாத்திவைப்பார்கள். மறுநாள் விடியும்வரை யாரும் பலகையைத் தொடக் கூடாது. அன்றைக்குத் தண்ணி போகிற வேகத்தைப் பார்த்தால் எவனுக்கும் சாமி மேல் சந்தேகம் வராது. அப்படி ஓடும்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் மெட்டில்டா எதிரே வந்தாள். புன்னைக்காயலில் இருந்து மீன் கொண்டுவந்து விற்கிறவள். சட்டியை இறக்கி வைத்துவிட்டு வயலைப் பார்த்தாள்.

"மாதாவே! இன்னுமா மடையத் தொறக்கல?"

"அமாவாசைக்குத்தாங்க்கா."

"அமாவாசைக்கா? உங்களுக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? அன்னைக்குக் கடலு காலைல கிடுகிடுன்னு வத்தும். மத்தியானத்துக்கு மேல அதே வேகத்துல ஏறி வரும்லா. எங்க வீட்டுக்காரரு காயல்ல வலை கட்டுததே அத நம்பித்தான். நாளைக்குப் பாதி நெலா. கடலு சோம்பேறி மாதிரி கெடக்கும், ரொம்ப ஏறாது. உங்க தண்ணி அதவிட ஒசரத்துல நிக்கி. நாள் பூரா தொறந்து போட்டாலும் வெளியதான் போவும்."

"நாளைக்கு அஷ்டமியில்லாக்கா."

"அது கடலுக்குத் தெரியுமாளா?"

மெட்டில்டா சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். செல்விக்கு நாலு வருசத்துக்கு முந்தின கார்த்திகை அமாவாசை ஞாபகம் வந்தது. அந்த வருசம் பலகையைத் தூக்குகிற மரியாதையை லிங்கராஜுக்குக் கொடுத்திருந்தார்கள். அவளும் குலவை போட்டாள். மத்தியானம் எல்லாரும் கோயிலில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மடைப்பக்கம் யாரும் போய்ப் பார்க்கவில்லை. உப்பளத்துக்காரனும் இல்லை, மணல்காரனும் இல்லை. தேங்காய் உடைத்துக் கடலை உள்ளே கூப்பிட்டது தாங்களேதான்.

மறுநாள் அஷ்டமி. காலையிலேயே மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு போனாள். ஊறிப்போன பலகைகளை நெம்பி நெம்பி எடுத்தாள். தண்ணி அவசரமே இல்லாமல் வெளியே போயிற்று. மத்தியானமும் போயிற்று. சாயந்தரமும் போயிற்று. பயிர் ஒரு சாண் வெளியே வந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

சிரிப்பு அடங்குமுன் வன்னியபெருமாள் நாலு ஆளோடு வந்து நின்றார். செல்வி மெட்டில்டா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் முகம் சிறுத்துவிட்டது.

"அப்போ அன்னைக்கு ஒன் வயல்ல உப்ப விட்டது நானும் ஒன் புருசனுமா? எங்கப்பா வச்ச முறை தப்பா?"

ஆமாம் என்கிற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அவர்கள் பலகைகளைத் திரும்பப் போட்டு, கல்லால் தட்டி இறுக்கினார்கள். அன்றிலிருந்து மடையில் ஒரு ஆள் காவல்.

அந்த வாரம் மறுபடியும் மழை. இறங்கின தண்ணி ஏறியது. சிமெண்டுச் சாக்கில் சேற்றை அள்ளி வரப்பில் அடுக்கினாள். அடுக்க அடுக்கச் சரிந்தது. பலகை இருந்தால் பயிர் அழுகும், அமாவாசையில் பலகை போனால் உப்பில் கருகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

துறைமுக வேலையில் போன வாரம் வராமல்போன லிங்கராஜ் சனிக்கிழமை வந்தான். எல்லாவற்றையும் கேட்டான்.

"நீ சொல்லுதது சரின்னுதான் தோணுது. ஆனா அப்பா செத்ததுக்கப்புறம் என்ன வளத்தது அண்ணன். அவருகிட்ட எந்த வாயால சொல்ல?"

"அப்ப வயலு?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

ஞாயிற்றுக்கிழமை அமாவாசை. இந்தத் தடவையும் பலகையைத் தூக்குகிற மரியாதை லிங்கராஜுக்கே என்று வன்னியபெருமாள் அறிவித்தார். வேண்டுமென்றேதான். அவனும் தூக்கினான். தண்ணி பாய்ந்து வெளியே ஓடியது. சாமிக்குப் போட்டுத் தண்ணியில் விட்ட செவ்வந்தி மாலையும் அதோடு போயிற்று. பெண்கள் குலவை போட்டார்கள். எல்லாரும் கோயிலுக்குச் சாப்பிடப் போனார்கள். செல்வி மட்டும் மடையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

உச்சிப்பொழுது தாண்டியதும் ஓட்டம் குறைந்தது. அப்புறம் நின்றது. பிறகு அந்தச் செவ்வந்தி மாலை காயலில் இருந்து மெல்லத் திரும்பி, மடைக்குள் நுழைந்து, அவள் வயலைப் பார்க்க வந்தது.

கோயிலுக்கு ஓடினாள். "பலகையக் குடுங்க, கடலு உள்ள வருது" என்று கத்தினாள். இலையை விட்டு எழுந்து எல்லாரும் வந்தார்கள். வன்னியபெருமாள் தண்ணியைப் பார்த்தார்.

"மேல மழை பெஞ்ச தண்ணி சுத்திக்கிட்டு நிக்கி. அதுக்குப் போயி பலகையில கை வைக்கணுமாக்கும்?"

செல்வி இறங்கி, இரண்டு கையாலும் தண்ணியை அள்ளிக்கொண்டு வந்து புருசன் முன்னால் நீட்டினாள்.

"அத்தான், நீங்க குடிச்சுப் பாருங்க. நீங்க சொன்னா பெரியத்தான் கேப்பாவ."

எல்லாரும் லிங்கராஜைப் பார்த்தார்கள். அவன் குனிந்து அவள் கையிலிருந்தே குடித்தான். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. அண்ணனைப் பார்த்தான்.

"நல்ல தண்ணிதான்" என்றான்.

சொல்லிவிட்டு, பொங்கலுக்குக் கொண்டுவந்து மடையோரம் வைத்திருந்த குடிதண்ணிக் குடத்தைத் தூக்கி, வாயில் கவிழ்த்து, மூச்சுவிடாமல் குடித்தான். சட்டையெல்லாம் நனைந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். பலகையை எடுத்துவர ஒருத்தரும் போகவில்லை.