பழைய போனில் இருந்த அண்ணன்

ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவைத் திறந்த லிஃப்ட் மெக்கானிக்கை, வாசலில் நின்ற தம்பி அப்படியே கட்டிக்கொண்டான். நான்கு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத தம்பி. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மெக்கானிக் திருதிருவென்று விழித்தார்.

"நேத்து நீ அனுப்பினதைப் படிச்சதும் மனசு கேக்கலண்ணா. கிளம்பி வந்துட்டேன்."

"நானா? என்னத்தை அனுப்பினேன்?"

அதற்குள் தம்பி மனைவி செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாக, "அக்கா!" என்று சமையலறைக்குள் ஓடினாள். உள்ளே இரண்டு பெண்களும் நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வது போலப் பேச ஆரம்பித்தார்கள். இவர்கள் எப்போது இவ்வளவு ஒட்டிக்கொண்டார்கள்? அவருக்கு மண்டை காய்ந்தது.

சண்டை ஒன்றும் ராஜ்யத்துக்காக நடந்ததல்ல. தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை திறந்த அன்று, வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும், "இவன் எதை உருப்படியா செஞ்சான், இதைச் செய்ய?" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவைத்தார். தம்பி அன்றோடு பேச்சை நிறுத்தினான். இவரும் இறங்கிவரவில்லை. இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவிடுக்கு வழியே அரைமணி நேரம் ஆறுதலாகப் பேசத் தெரிந்த மனிதர்தான். சொந்தத் தம்பி என்றால் மட்டும் வாய்க்குப் பூட்டு. கேட்டால் மானமாம், மண்ணாங்கட்டி.

அவர் மனைவி ஒரு பழைய போனோடு வெளியே வந்தாள். கண்ணாடி விரிசல் விட்டதால் அவர் சமையலறை டிராயரில் தூக்கிப் போட்டிருந்த போன்.

"பாட்டு கேக்கத்தான் எடுத்தேன். உங்க பழைய நம்பர் அதிலேயே இருந்துச்சு. ஆறு மாசம் முன்னாடி உங்க பேர்ல சும்மா 'எப்படிடா இருக்கே'ன்னு அனுப்பினேன். உடனே பதில் வந்துச்சு. அப்புறம் விட மனசு வரல."

அவர் திரையைத் தள்ளிக்கொண்டே போனார். எல்லாம் அவர் படத்துக்குக் கீழே, அவர் எழுதாதவை. பிறகு எங்கோ பிடி கிடைத்தது போல நிமிர்ந்தார்.

"நீயும்தானேடா எழுதியிருக்கே? முழங்காலைக் கவனிச்சுக்கோ, படி ஏறாதேன்னு!"

"முழங்காலா? உனக்கு முழங்கால் வலியா?" தம்பி போனை வாங்கிப் பார்த்தான். "இது கடை நம்பராச்சே. கடை மெசேஜ் எல்லாம் இவதான் பார்ப்பா. நேத்து வந்ததை மட்டும்தான் எனக்குக் காட்டினா."

சமையலறை வாசலில் நின்ற தம்பி மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்படியானால் யாருக்கும் யாருக்கும் இடையே சமாதானம் ஆனது? ஓரகத்திகள் இருவரும் புருஷன்மார் பெயரில் ராசியாகிவிட்டார்கள், புருஷன்மார் இன்னும் சண்டையில் இருக்கிறார்கள். இல்லை, முடிந்துவிட்டதா? இப்போது கட்டிக்கொண்டது செல்லுமா, செல்லாதா? மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை.

தம்பியின் முகம் சுண்டிப்போனது. போனை அவர் கையில் திணித்தான்.

"அப்போ தப்புன்னு நீ சொல்லவே இல்ல."

விறுவிறுவென்று வாசலுக்குப் போய் ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்தான். இந்தத் தடவை போனால் திரும்ப வரமாட்டான். இருடா என்று சொல்லப் பார்த்தார், வாய் வரவில்லை. கையிலிருந்த போனைப் பார்த்தார். விரிசலுக்கு அடியில் நேற்றைய வரிகள் தெரிந்தன. வாசிக்கத் தொடங்கினார்.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உன்னை அப்படிச் சொன்னது... என் தப்புடா. நாலு வருஷமா... அதையேதான் நினைச்சிட்டு இருக்கேன். வீட்டுக்கு வா."

இது மனைவி அவளாக எழுதியதா, தன் மனதில் கிடந்ததைத் தெரிந்துகொண்டு எழுதியதா? அவருக்கே விளங்கவில்லை.

தம்பி தன் மனைவி பக்கம் திரும்பினான். "இதுக்கு நான் என்ன பதில் போட்டிருக்கேன்?"

"இன்னும் போடல," என்றாள் அவள். "நீங்களே சொல்லுங்க."

தம்பி ஒற்றைச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அண்ணன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"எந்தக் கால்ணா வலிக்குது?"