ஒரே ஆள் போதும்

இடது காதுக்குள் இன்னும் மரத்தூள் இருந்தது. நாத்தனார் ஈரத்துணியின் நுனியைத் திரித்து உள்ளே விட்டுச் சுழற்றி எடுத்தாள். மறுபடியும் வந்தது.

“காலம் பூரா இதுலயே கெடந்தான். போறப்பவும் விடமாட்டேங்குது பாரு.”

கட்டிலின் மறுபக்கம், கணவருடைய வெள்ளைச் சட்டையைப் பிடித்தபடி அவள் நின்றிருந்தாள். நேற்றுக் காலை வேலைக்குப் போனவர், போன இடத்திலேயே விழுந்துவிட்டார். மாரடைப்பு என்றார் டாக்டர். உடனே யாராவது கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

“கையை நீட்டிப் பிடிம்மா, சட்டையைப் போட்டுரலாம்” என்றாள் நாத்தனார். பிறகு, தம்பியின் தோளைத் தடவியபடியே சொன்னாள். “ஒண்ணு மட்டும் சொல்றேன். நீ ஒத்தக்கால்ல நின்னு அந்தப் புது மெஷினை வாங்க வெச்சே பாரு, அது புண்ணியம். இல்லேன்னா இவன் கடைசி வரைக்கும் இடுப்பு ஒடிய மரத்தடி உருட்டிட்டுத்தான் செத்திருப்பான்.”

“அக்கா, அது வந்து…”

“என்ன?”

“ஒண்ணுமில்ல. பொத்தான் ஒண்ணு இல்ல இதுல. வேற சட்டை எடுத்துட்டு வர்றேன்.”

உள் அறைக்குப் போய் அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். பொத்தானெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் மர அறுவை மெஷின் அவருடையது. மரம் சாய்ந்த இடத்துக்கே போய்ப் பலகையாக்கிக் கொடுத்துவிட்டு வருவார். ஊரில் அவரை ‘அறுவை’ என்றுதான் கூப்பிடுவார்கள். மரம் அறுப்பதால் வந்த பெயர் பாதி, வாயால் அறுப்பதால் வந்தது மீதி. “நான் அறுக்கிறதைத் தாங்கறது உலகத்துலயே ரெண்டு பேர்தான். ஒண்ணு மரம், இன்னொண்ணு என் வீட்டுக்காரி” என்பார். யார் தோட்டத்துக்குப் போனாலும் முதல் தடி மேலேறியதும் இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். சொல்லிவிட்டு, சிரிக்கிறாளா என்று எதிர்ப்பக்கம் பார்ப்பார்.

எதிர்ப்பக்கம் அவள்தான் நிற்பாள். பழைய மெஷினில் எல்லாம் கைவேலை. சாய்ந்த கட்டைகளின் மேல் தடியை உருட்டி ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் அறுத்ததும் கொக்கி மாட்டிய கம்பியால் நெம்பித் திருப்ப வேண்டும். அவர் நெம்ப, தடி உருண்டுவிடாமல் அவள் முட்டுக்கட்டை வைப்பாள். அறுத்து விழும் பலகையை ஆளுக்கொரு முனையாகத் தூக்கி இறக்குவார்கள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் ஆள் வரவில்லை என்று போனவள்தான். அதற்குப் பிறகு வேறு ஆள் தேட அவருக்குத் தோன்றவே இல்லை. அவளுக்குத் தோள்பட்டை போயிற்று. தலைமுடியில் தூள் ஏறாத நாள் இல்லை.

பழையது தேய்ந்துபோய்ப் புதிது பார்க்கப் போன இடத்தில் இரண்டு மெஷின்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஒன்று கையால் உருட்டுவது. மற்றது ஹைட்ராலிக், லீவரை இழுத்தால் இரும்புக் கை எழுந்து தடியைத் தூக்கும், திருப்பும், இறுக்கிப் பிடிக்கும்.

அவருக்கு முதலாவதில்தான் கண். “இது எடை கம்மி. எந்தச் சந்துலயும் கொண்டு போயிரலாம். அதுல ஒரு குழாய் வெடிச்சா எண்ணெய் பீச்சி அடிக்கும், நடுக்காட்டுல யாரைப் போய்க் கூப்பிடுறது?”

விற்பனைக்காரப் பையன் அவள் பக்கம் திரும்பி, “இதுக்கு ஒரே ஆள் போதும்க்கா” என்றான்.

ஒரே ஆள். காதில் தேன் ஊற்றியது போல இருந்தது.

“இதையே வாங்குங்க” என்றாள். “உங்க இடுப்பு இருக்கிற லட்சணத்துக்கு இன்னும் எத்தனை நாளைக்கு நெம்புவீங்க?”

“இடுப்பு நல்லாத்தான் இருக்கு.”

“உங்களுக்காகத்தானே சொல்றேன்.”

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு, சரி என்றார். இடுப்பைப் பற்றி ஒரு நாள்கூட அவர் குறைப்பட்டதில்லை என்பது அவளுக்கு அப்போதும் தெரியும்.

அதன்பிறகு அவர் தனியாகப் போனார். அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் வீடு அமைதியாகும். அவள் பின்வாசல் படியில் கால் நீட்டி உட்கார்ந்து டீ குடிப்பாள். மத்தியானம் தூங்குவாள். எதிரே நின்று யாரும் ‘தள்ளி நில்லு’ என்று கத்தவில்லை. பழைய ஜோக்குக்குச் சிரிக்க வேண்டியதில்லை. சந்தோஷமாக இருந்தாள். ஒருவரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நேற்றுக் காலை வண்டியில் ஏறுவதற்கு முன் கேட்டார். “இன்னிக்கு நீயும் வாயேன். வாகை மரம், நல்ல பெருசு.”

“அதான் எல்லாத்தையும் மெஷினே தூக்குதே. நான் வந்து வேடிக்கை பாக்கவா?”

“அதுவும் சரிதான்” என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவர் விழுந்த நேரத்தில் அவள் மின்விசிறிக்குக் கீழே நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அலமாரியிலிருந்து அதே மாதிரி இன்னொரு வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வந்தவர்களில் பாதிப்பேர் நாத்தனார் சொன்னதையே வேறு வேறு விதமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் எல்லோருக்கும் தலையாட்டினாள்.

மறுநாள், மெஷினை இழுத்துவரக் கொழுந்தன் கிளம்பியபோது அவளும் ஏறிக்கொண்டாள்.

“நீங்க எதுக்கு அண்ணி? நான் போய் மாட்டிட்டு வந்துர்றேன்.”

“உனக்கு அதை மடக்கத் தெரியாது.”

தோட்டத்துச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார். மெஷின் நின்ற இடத்துக்கு அழைத்துப்போகும்போது, குற்றம் செய்தவர் மாதிரி அவளைப் பார்க்காமலே பேசினார்.

“நான் உள்ளதாம்மா இருந்தேன். என்ஜின் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துது, வேலை நடக்குதுன்னு நெனச்சுட்டேன். டீ கொண்டு வந்தப்பதான் பார்த்தேன். சத்தம் நின்னிருந்தா எட்டிப் பார்த்திருப்பேன்.”

கைப்பிடியை விட்டால் ரம்பம் மட்டும்தான் நிற்கும், என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். “நீங்க என்னங்க பண்ணுவீங்க” என்றாள்.

அவர் சற்றுத் தயங்கினார். “அவருக்குத் தனியாப் பேசுற பழக்கம் உண்டாம்மா?”

“ஏன்?”

“இல்ல, காலையில கொஞ்ச நேரம் பக்கத்துல நின்னு பார்த்தேன். லீவரை இழுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும், ‘தள்ளி நில்லு, திருப்பப் போறேன்’னு சொல்லுவாரு. அந்தப் பக்கம் யாரும் இல்ல. என்னையச் சொல்றாரோன்னு ரெண்டு தடவை நானே நகந்துட்டேன்.”

கொழுந்தன் சட்டென்று திரும்பி வண்டியை எடுக்கப் போனான். அவள் மெஷின் பக்கம் நடந்தாள்.

வாகைத் தடி மெஷினின் மேல் அப்படியே இருந்தது. முக்கால்வாசி அறுத்த இடத்தில் ரம்பம் நின்றிருந்தது. டிரைவர், “அது கெடக்கட்டும்மா, இறக்கிப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க” என்றார்.

“பாதி அறுத்ததை விட்டுட்டு வரமாட்டாரு” என்றாள்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ரம்பத்தைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்துவைத்து என்ஜினைக் கிளப்பினாள். கைப்பிடியை அழுத்தி மெதுவாகத் தள்ளிக்கொண்டு நடந்தாள். தூள் பறந்து கையிலும் கழுத்திலும் ஒட்டியது. ரம்பம் மறுமுனையில் வெளியே வந்ததும் பலகை தனியாகத் தளர்ந்து படுத்தது. என்ஜினை அணைத்தாள்.

தோட்டம் சத்தமில்லாமல் போயிற்று. கொழுந்தன் தூரத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். டிரைவர் தண்ணீர் கொண்டுவர உள்ளே போயிருந்தார்.

அவள் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் வந்தாள். குனிந்து, பலகையின் முனையை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தாள். மறுமுனை எழும்பட்டும் என்று நின்றாள்.