துடைக்கக் கூடாத குறுவாள்

ஓய்வு பெற்றவர்களில் சிலர் நடைப்பயிற்சி போகிறார்கள், சிலர் மருமகள்மேல் குறை கண்டுபிடிக்கிறார்கள். நான் பழைய வாள் சேர்க்கிறேன். பதினொரு வாள், ஆறு குறுவாள். யாராவது கேட்டால் நூற்றுக்கு மேல் என்பேன். ஒன்றுகூடச் சண்டைக்குப் போனதில்லை. வெள்ளிப் பிடியும் கல் பதித்த உறையுமாக, ஏதோ ஒரு பிரபுவின் இடுப்பில் தொங்கிக்கொண்டு விருந்துகளில் கொட்டாவி விட்ட ஜாதி எல்லாம். என் மனைவி அவற்றைச் "சக்களத்திங்க" என்றுதான் சொல்வாள்.

எங்கள் வாள் கூட்டத்தில் நான்கு பேர். ஒருவர் பொருள் இன்னொருவர் வீட்டுக்கு வந்தால் ஒரே சட்டம்: பார்க்கலாம், தொடலாம், துடைக்கக் கூடாது. அந்தச் சட்டத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, கூட்டத்தில் சத்தமாக வாசித்தவன் நான்தான்.

கூட்டத்தில் மூத்தவர் பல் டாக்டர். பாதி ஊரின் பல்லைப் பிடுங்கிய கை அவருடையது. மீதிப் பாதி பயந்து ஊரைவிட்டே போய்விட்டது. அவரிடம் ஒரு குறுவாள் உண்டு. பிடியருகே தங்கப் பூக்கொடி. அலகில், எஃகின் உடம்புக்குள்ளேயே, ஓடைத் தண்ணீர் மாதிரி நெளிநெளியாக அலைகள். அவர் மனைவி கடைசியாக வாங்கித் தந்த பரிசு. அந்த அம்மாள் போன பிறகு, தினமும் காலையில் அதை ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்து அலைகளைப் பார்த்துவிட்டுத்தான் அவர் காபி குடிப்பார்.

"வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கறாங்கய்யா. பத்து நாள் வெச்சிரு. வேற எவனையும் நம்பிக் குடுக்க மாட்டேன்" என்று அதை என் கையில் கொடுத்தார்.

எட்டு நாள் ஒழுங்காக இருந்தேன். அதற்கே எனக்கு ஒரு பதக்கம் கொடுக்கலாம். ஒன்பதாம் நாள் காலை, அலகில் கடுகளவு ஒரு துருப்புள்ளி கண்ணில் பட்டது.

நான் முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்த்து முடித்ததும் பித்தளைப் பொத்தான்களுக்குப் பாலீஷ் போட்டு, முகம் தெரிகிற வரைக்கும் தேய்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். மங்கலாக எதைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது. சட்டம் எழுதியதும் அதே கைதான், ஆனால் அன்றைக்கு அதற்கு ஞாபகம் இல்லை.

கடுகைத் தேய்த்தேன். கடுகு போயிற்று. ஆனால் அந்த இடம் மட்டும் நெற்றிப் பொட்டு மாதிரி மின்னியது. விட்டால் தெரிந்துவிடுமே என்று சுற்றிலும் கொஞ்சம் தேய்த்தேன். பொட்டு, ரூபாய்க் காசு அளவானது. அதை மறைக்க இன்னும் கொஞ்சம். காசு தோசையளவாக, தோசையை மறைக்க ஒரு பக்கம் முழுக்க, அந்தப் பக்கத்துக்கு ஜோடியாக மறுபக்கம் முழுக்க. மதியத்துக்குள் அலகு கண்ணாடியாகிவிட்டது. என் மூக்கு முடியை எண்ணலாம். அலைகளைத்தான் காணோம். ஒன்றுகூட இல்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, புதுசா வாங்கின கரண்டி மாதிரி இருக்கு?"

நாளைக் காலை டாக்டர் வருவார், ஜன்னலோரம் சாய்த்துப் பார்ப்பார், அங்கே வெறும் கரண்டி இருக்கும்.

"திருடன் வந்து தேய்ச்சிட்டுப் போயிட்டான்னு சொல்லட்டுமா?"

"அப்படியே இந்தப் பாத்திரத்தையும் தேய்ச்சிட்டுப் போகச் சொல்லுங்க. உளறாம உட்காருங்க. என் தம்பியைக் கூப்பிடறேன்."

மச்சான் ரேடியோ, டிவி ரிப்பேர்க் கடை வைத்திருப்பவன். கிட்டப் போனாலே உருகிய ஈய வாசனை வரும். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவனை "ஈயம்" என்றுதான் கூப்பிடுவேன். அவன் தொழிலையும் விரல் சூட்டுக்காயங்களையும் வைத்து நான் அடித்த கிண்டலைச் சேர்த்தால் ஏழு மாடிக் கட்டடம் கட்டலாம். அவன் கடையை மூடிவிட்டுப் பத்தே நிமிஷத்தில் வந்தான். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அலகைப் பார்த்தான்.

"எதுல தேய்ச்சீங்க மாமா?"

"பித்தளைப் பாலீஷ்லே."

"ஏன், செங்கல்லு கிடைக்கலையா?"

வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது இரண்டாவது முறை. முதல் முறை மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள்.

"அலை எங்கேயும் போகலை மாமா. அது இரும்போட ஒடம்புலயே இருக்கு. நீங்க மேல்தோலை வழவழன்னு பண்ணிட்டீங்க, அதான் தெரியலை. சர்க்யூட் போர்டுல செம்பை அரிக்க ஒரு மருந்து வெச்சிருக்கேன். தண்ணியில ரொம்ப ரொம்ப கம்மியா கலந்து விட்டா, எஃகு இடத்துக்கு இடம் வேற வேற மாதிரி கறுக்கும். தங்கத்து மேல மட்டும் படக் கூடாது. அக்கா, நகப் பாலீஷ் இருக்கா?"

"அறுபது வயசுல எனக்கெதுக்குடா அது?" என்று சொல்லிக்கொண்டே என் மனைவி மூன்று நிறங்களில் கொண்டுவந்து வைத்தாள்.

தங்கக் கொடியின் ஒவ்வொரு இலையையும் அவனே சிவப்புப் பூசி மறைத்தான். அந்தச் சூடுபட்ட விரல்கள் துளிகூட நடுங்கவில்லை. பிடியருகே அரை விரல்கடை மட்டும் முதலில் மருந்து தொட்டுச் சோதித்தான். கடை வாடிக்கையாளர்கள் போன்மேல் போன் போட்டார்கள். "டிவி நாளைக்குப் பேசும் சார், இன்னிக்கு நீங்க பேசிக்கிட்டிருங்க" என்று வைத்துவிட்டான். பிறகு முழு அலகையும் மருந்தில் முக்கினான். ஒன்றும் இல்லை. கழுவி, மறுபடியும் முக்கினான். மூன்றாம் தடவை சாம்பல் நிறத்தில் மெல்லிசாக ஒரு நெளிவு எழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடை முழுக்கத் திரும்பி வந்தது.

நான் அழுதேன். இரண்டு குடம் இருக்கும்.

சோடா மாவுத் தண்ணீரில் அலசி, துடைத்து, எண்ணெய் பூசி, நகப் பாலீஷையும் எடுத்துவிட்டு அவன் என் முன்னால் வைத்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "ரொம்ப நன்றி மச்சான்."

முப்பது வருஷத்தில் முதல் 'மச்சான்.' அவன் பதறிப்போய் என் நெற்றியைத் தொட்டான். "அக்கா, மாமாவுக்கு ஒடம்பு சரியில்லை போலிருக்கு!"

மறுநாள் டாக்டர் வருவதற்குள் மனைவி பத்துத் தடவை எச்சரித்தாள்: "வாயைத் தொறக்காதீங்க." டாக்டர் குறுவாளை எடுத்தார், ஜன்னலோரம் சாய்த்தார். முகம் மலர்ந்தது.

"யோவ், முன்னைவிட நல்லாத் தெரியுதே! உன் வீட்டு வெளிச்சமா?"

ஆமாம் என்று தலையாட்டினால் முடிந்தது. இந்த வயதுவரை எவ்வளவு புளுகியிருப்பேன், இது ஒரு பெரிய விஷயமா? ஆனால் அவர் சந்தோஷப்பட்டதை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"வெளிச்சம் இல்லைய்யா. நான் தேய்ச்சுக் கெடுத்துட்டேன். என் மச்சான்தான் மீட்டுக் குடுத்தான்." துருப்புள்ளியிலிருந்து நகப் பாலீஷ் வரை, ஒரு சுழி கூடக் கூட்டாமல் சொன்னேன்.

அவர் அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவி வைத்த டீ ஆறியது.

"நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியும்."

"அவ வாங்கிக் குடுத்ததுய்யா இது."

"தெரியும்."

"கோபமாத்தான் இருக்கேன்" என்று ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார். "உன் மச்சான் கடை எங்கே? அந்தக் கையை நான் பார்க்கணும்."

மச்சான் கடைக்குக் கிளம்பும்போது குறுவாளைத் துணியில் சுற்றினார். படிக்கட்டு வாசலில் நின்று, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தத் துணிப்பொதியை என்னிடம் நீட்டினார்.

"எனக்கு முட்டி வலி. நீ தூக்கிட்டு வா."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு படியாக, அவருக்குப் பின்னால், மூச்சுக்கூடப் பலமாக விடாமல் இறங்கினேன்.