பத்து லட்சத்து மூன்று

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்ற ஒரு காலை. தங்கள் ஸ்கூட்டருக்கு முன்னால் நின்ற கன்டெய்னர் பெட்டியின் எண்ணை லூயிஸ் காட்டினான். 1000003.

"எழிலு, இது எதாலயும் வகுபடாத நம்பரா இருக்குமோ?"

"பகா எண்ணா? ஃபோன்ல போட்டா சொல்லிடப்போவுது."

"அப்பால நமக்கு இன்னா வேல?"

கல்லூரியில் கணக்கு வகுப்பில் பழகி, இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவன் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் பெட்டிகளின் எண்ணைச் சரிபார்ப்பவன். எழில்மொழி பக்கத்திலேயே மருந்துக் கடையில் பில் போடுகிறாள். புளியந்தோப்பு வீட்டிலிருந்து தினமும் ஒன்றாகவே வருவார்கள்.

ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினாலே பத்து லட்சம்; அதனால் ஆயிரத்துக்குக் கீழே உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், அதற்கு மேல் தேவையில்லை. ஐந்நூறு வரை அவன், மீதி அவள் என்று பிரித்துக்கொண்டார்கள். ஏழால் வகுத்தான், மீதி நாலு. பதினொன்று, பதின்மூன்று, அதற்கும் நாலு.

"இந்த நாலு நம்மள உட மாட்டேங்குதுடீ!" என்று சாலையிலேயே சத்தம் போட்டுச் சிரித்தான்.

அடுத்த வாரம் யார்டில் இழுத்துக் கட்டியிருந்த சங்கிலி ஒன்று அறுந்து அவன் தலையில் அடித்தது.

பிழைத்துக்கொண்டான். பேச்சு வந்தது, நடை வந்தது. கண் விழித்ததும் அவளைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். எண்கள் மட்டும் திரும்பவில்லை. டாக்டர் மூன்று விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டபோது, அந்த விரல்களைப் பார்த்தான், பிறகு எழிலைப் பார்த்தான். எட்டு பெரிதா எண்பது பெரிதா என்று அவனுக்குத் தெரியவில்லை. பஸ் எண் புரியாததால் தனியாக வெளியே போவதும் நின்றது.

அவன் எதுவரை வகுத்திருந்தான் என்று கேட்டறிய வழியில்லை. எழில்மொழி ஏழிலிருந்து மறுபடி தொடங்கினாள். பஸ்ஸில், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், அவன் பங்கையும் சேர்த்துச் செய்தாள். எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கடைசியாக 997. மீதி பன்னிரண்டு. எதுவும் அந்த எண்ணை வகுக்கவில்லை.

அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவன் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"லூயிசு, முடிச்சிட்டேன்யா. பத்து லட்சத்து மூணு. நீ சொன்னா மாதிரியே, பகா எண்ணுதான்."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். எதையோ பிடிக்க முயல்வது போல் புருவம் நெரிந்தது.

"அது இன்னா எழிலு?"

"ஒண்ணுமில்ல. நாம தேடிக்கினு இருந்தது. கெடச்சிடுச்சி."

"அப்ப நா சந்தோசப்படணுமா?"

"ஆமாய்யா."

அவன் சிரித்தான். போட்டோ எடுக்கிறவர் சொன்னதற்காகச் சிரிக்கிற சிரிப்பு. அவள் அவன் கன்னத்தைத் தடவிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். அழுவது கேட்கக்கூடாது என்று குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.

"எழிலு, தண்ணி வீணாவுது பாரு," என்றான் லூயிஸ், உட்கார்ந்த இடத்திலிருந்தே.