அன்ரி சொல்லாத வசனம்

1.

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த அஜின்கோர்ட்டில் ஒரு கடையில், கொத்துரொட்டி ஆறிக்கொண்டிருக்க, நிரூபா சொல்லக் கேட்டேன். "எழுதுங்கோ அண்ணை. பேருகளை மட்டும் மாத்துங்கோ" என்றாள். மாற்றியிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: பனி கொட்டிய ஒரு மாலையில் நிரூபாவின் தொலைபேசி—

(பனி கொட்டவில்லை. அது ஓகஸ்ட் மாதம்.)

2.

நிரூபா ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளர். பிள்ளைகளோடு வாழும் வயதான தமிழர்களைப் பேட்டி கண்டு, பதிவுசெய்து, ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தாள். கட்டுரையை எழுதியவர் பேராசிரியர் கிளிபோட். அவருடைய பெயருக்கு அடுத்து அவளுடைய பெயர் வந்தது. அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் அவள் ஒரு விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள்.

ஓகஸ்டில், பேட்டி கொடுத்தவர்களில் ஒருவரான யோகராணி அன்ரி மார்க்கம் நகரிலிருந்து அழைத்தார்.

"பிள்ளை, மகன் உங்கட கட்டுரையை வாசிச்சவன். பேர் இல்லாட்டியும் என்ர தையல் வகுப்பு, கோயில் எல்லாம் கிடக்கு, நான்தான் எண்டு பிடிச்சிட்டான். 'மகன்ர வீட்டில நான் சம்பளமில்லாத வேலைக்காரி' எண்டு நான் சொன்னனானாம். இப்ப ஒரு கோப்பை கழுவவும் விடுறானில்லை. முகம் குடுத்துக் கதைக்கிறதுமில்லை. நான் உப்பிடிச் சொன்னனானோ?"

நிரூபா பதிவை முழுதாகக் கேட்டாள். அன்ரி சொன்னது வேறு: "சமைக்க எனக்கு விருப்பம் பிள்ளை. ஆனா ஒருத்தரும் ஒண்டா இருந்து சாப்பிடுறேல்லை."

(அச்சாக முன் அவள் வாசிக்கவில்லையா என்று கேட்பீர்கள். வாசித்தாள். அந்த வசனம் கடைசித் திருத்தத்தில், அவளுக்குக் காட்டாமல் நுழைந்தது.)

3.

கிளிபோட்டைக் கெட்டவராக எழுதப் பார்த்தேன். நிரூபா விடவில்லை. அவளுக்கு ஆய்வென்றால் என்னவென்று படிப்பித்தவரே அவர்தானாம். அந்த வசனத்தைப் பற்றி அவள் போய்க் கேட்டபோது அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

"வார்த்தை அந்த அம்மாவுடையதாக இல்லாவிட்டாலும் நிலைமை அவருடையதுதானே. உன் மொழிபெயர்ப்பு தட்டையாக இருந்தது. கொஞ்சம் உயிர் கொடுத்தேன்."

(என் பிழைப்பும் அதுதான். ஆனால் நான் கதை என்று சொல்லிவிட்டுச் செய்கிறேன். அவர் ஆய்வு என்று சொல்லிச் செய்தார்.)

"கட்டுரை வந்த இதழுக்கு நீங்களே உண்மையை எழுதுங்கள். இல்லாவிட்டால் நான் எழுதுவேன்" என்றாள் நிரூபா.

"உன் பெயரும் சேர்ந்துதான் கெடும்."

"தெரியும்."

அவர் எழுதவில்லை, அவள் எழுதினாள். விசாரணை நடந்து, கட்டுரை மீளப்பெறப்பட்டது. விண்ணப்பித்த வேலையும் கைநழுவியது. என்னிடம் அதைச் சொன்னபோது அவள் குரல் தளரவில்லை. "இன்னொண்டு எழுதுவன் அண்ணை. எனக்கு எழுதத் தெரியும்தானே."

4.

இதழின் அறிவித்தலில் அன்ரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆகவே நிரூபா மார்க்கத்துக்குப் போனாள். அன்ரியின் சம்மதத்தோடு, சமையலறை மேசையில் வைத்து, மகன் மிதுனனுக்கு அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினாள்.

ஒரு முடிவு: மிதுனன் கண் கலங்கி, தாயின் கையை—

இன்னொன்று: "இவ்வளவு நாளும் இதைச் சொல்லாமல்" என்று மிதுனன் கோபத்தோடு—

இரண்டும் என் சரக்கு. நிரூபா கண்டது இவ்வளவுதான்: பதிவு முடிந்ததும் மிதுனன் ஒரு கதிரையை இழுத்து, அம்மாவுக்கு எதிரே இருந்தான். நிரூபா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

உள்ளே என்ன கதைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அன்ரியின் வாயில் மட்டும் எதையும் வைக்காதீர்கள்.