நாரைக்கு முன்னால் அக்கா

ஆறு மாதமாக ஒரு நாரைக்குப் பின்னால் அலைந்தவன் நான். கனடாவில், அஹுன்ட்சிக் என்ற பேட்டையில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றில் அது மீன் பிடிக்க வரும். இரண்டாயிரத்து ஐந்து ஒக்டோபர் கடைசியில் பேட்டை நூலகத்தில் பறவைப் படக் கண்காட்சி. ஆளுக்கு ஒரு படம். படத்தில் மனிதர் யாரும் இருக்கக் கூடாது. பதினெட்டு வருடமாகத் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறவனின் பெயர் ஒரு சுவரில் இருக்கட்டுமே என்று ஆசைப்பட்டேன். இதில் என்ன பிழை?

பிழை எல்லாம் மட்டக்களப்பிலிருந்து விசிட் விசாவில் வந்திறங்கிய என் அக்கா சிவமலரிடம்தான். கமராவைத் தூக்கினால் போதும், முன்னால் வந்து நிற்பார். கை இரண்டையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு, சிரிக்காமல், அடையாள அட்டைக்கு நிற்பதுபோல. அணிலை எடுத்தால் அணிலுக்கு முன்னால். வாத்தை எடுத்தால் வாத்துக்கு முன்னால்.

"தள்ளி நில்லுங்க அக்கா!"

"ஆள் இல்லாத படத்த ஆர் பார்க்கிற? கௌசிக்கு அனுப்ப வேணும். அம்மா எங்க நிக்கிறா எண்டு ஊரில இருக்கிற பிள்ளை பார்க்க வேணாமா?"

"இது நாரைப் படம்."

"நாரை நம்மட வாவியில இல்லாததா? அதப் பார்க்கவா நீ கனடா வந்த?"

என்ன சொல்லிப் புரியவைப்பது? நாரைகூட ஒதுங்கிப் போகும், அக்கா ஒதுங்கமாட்டார்.

படம் கொடுக்க வேண்டிய கடைசி நாளுக்கு முதல்நாள் காலை அது நடந்தது. நாரை மீனோடு எழும்பியது. சிறகு இரண்டும் முழுதாக விரிந்திருந்தன. பொத்தானை அமத்தினேன். கமராத் திரையைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இடது பக்கத்தில், என் மனைவியின் மஞ்சள் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, நேராக நிற்கிறார் அக்கா.

வீட்டுக் கணினியில் அவரை வெட்டினேன். கோபத்தோடுதான் வெட்டினேன். ஆனால் நாரையின் சிறகு நுனி அவருடைய சட்டைக் கை வரைக்கும் வந்திருந்தது. அதற்கு மேல் வெட்டினால் நாரை நொண்டி. ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள் மிஞ்சிவிட்டது. படத்தை வாங்கிய நூலகப் பெண் கத்தரின், "ஓரத்தில் மேப்பிள் இலையா? அழகு!" என்று பிரெஞ்சில் கேட்டார். "ஓம்" என்று தமிழிலேயே தலையாட்டிவிட்டு வந்தேன்.

படம் தெரிவாகிவிட்டது. வீட்டில் வந்து சொன்னேன். வெட்டியதை மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கே அக்கா கௌசிக்குத் தொலைபேசி எடுத்து, "என்ட படத்த இஞ்ச லைப்ரரியில மாட்டுறாங்க பிள்ளை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். எரிச்சலில் பேசாமல் இருந்துவிட்டேன்.

திறப்பு நாளில் அக்கா பட்டுச்சேலை உடுத்து, அதற்கு மேல் அதே மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். என் படத்துக்கு முன்னால் நின்றார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளக்காதா என்று இருந்தது.

அவருடைய விரல் படத்தின் இடது ஓரத்துக்குப் போய் நின்றது.

"இது என்ட கையெல்லா?"

"படத்தில ஆள் இருக்கக் கூடாதாம் அக்கா..."

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், ஆறு மாதக் கோபம் இருந்ததே. அவரோ படச் சட்டத்தின் இடது பக்கம் போய், படத்தில் இருந்த மஞ்சளோடு தன் மஞ்சள் கை சேரும்படி சுவரோடு ஒட்டி நின்றார். கை இரண்டும் உடம்போடு. சிரிப்பில்லை.

"மிச்ச ஆள் இஞ்ச நிக்கிறன்" என்றார். "கௌசிக்கு அனுப்ப வேணும். எடு."

எடுத்தேன்.